ஆயிரத்து நானூறு ரூபாய் தூண்டில் ரீல் செட்: ஏழுகுளத்திலும் திருமூர்த்தி அணையிலும்

ரீல் நல்லது. ராட் பரவாயில்லை. பையோடு வந்த மிச்சச் சாமான் அத்தனையும் வீண். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி.

ஆன்லைனில் 1,400 ரூபாய்க்குக் கிடைக்கும் செட் இது. இழுத்தால் ஏழு அடிக்கு விரியும் மடக்கு ராட், நரம்பைச் சுற்றி எடுக்கும் 3000 அளவு ரீல், 100 மீட்டர் தூண்டில் நரம்பு, இரண்டு ரப்பர் மீன், ஒரு ரப்பர் தவளை, ஒரு டப்பா முள், எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புப் பை. இதே செட் நாலைந்து பெயர்களில் விற்கிறது. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு. அதனால் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. படத்தில் கைப்பிடி கறுப்பு ஸ்பாஞ்சாகவும் ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் தங்க நிறத்திலும் இருந்தால் அநேகமாக நான் சொல்லும் செட்தான்.

நான் உடுமலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், சம்ப் மோட்டார், கிரைண்டர் என்று நாள் முழுக்கக் கழற்றிக் கோர்க்கிற வேலை. பல்சக்கரம் உள்ள எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் இந்த ரீல் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே கடை மேஜையில் பிரிந்து கிடந்தது.

பெட்டி மேல் "12+1 பேரிங்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே இருந்த பால் பேரிங் மூன்று. அது போக ஒரு உருளை பேரிங், கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுப்பதற்கு. மீதி ஒன்பதும் எங்கே என்று கேட்டால், பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விலை ரீல்களில் பேரிங் எண்ணிக்கையை யாரும் நம்ப வேண்டாம். அதைப் பார்த்து வாங்கவும் வேண்டாம். மூன்று பேரிங் சரியான இடத்தில் இருந்தால் போதும், இதில் சரியான இடத்தில்தான் இருக்கின்றன: பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்துக்கு ஒன்று, பெரிய பல்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

பெரிய சக்கரம் அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. பினியன் பித்தளை. இரண்டும் கடிக்கிற இடத்தில் மையைத் தடவிச் சுற்றிப் பார்த்தேன். பல்லின் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மை ஒட்டியது. இந்த விலைக்கு அது நல்ல பொருத்தம். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூலில் நரம்பைச் சுற்றும் ரோட்டர் ஐந்து சுற்றும் கொஞ்சமும் சுற்றுகிறது, பெட்டியில் போட்ட 5.2க்குச் சரியாக வருகிறது. ஆகக்கூடி உண்மை பேசிய ஒரே வரி அதுதான்.

கிரீஸ்தான் கேவலம். மஞ்சளாக, பசை மாதிரி, அதுவும் ஒரு மூலையில் மட்டும் அப்பியிருந்தார்கள். பெட்ரோலில் கழுவிவிட்டு, பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸைப் பல்லில் லேசாகத் தடவி, பேரிங்குக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு மூடினேன். அதற்கு முன்பு சுற்றும்போது மணலை அரைக்கிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வீட்டில் திறக்கப் பயமாக இருப்பவர்கள் பக்கவாட்டு மூடியின் மூன்று திருகை மட்டும் கழற்றிக் கிரீஸ் மாற்றினாலே போதும். ஸ்பூலுக்குக் கீழே இருக்கும் பகுதியைத் தொட வேண்டாம். அங்கே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, தெறித்தால் கிடைக்காது.

அடுத்து டிராக். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் ஸ்பூல் வழுக்கி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு. ஸ்பூலின் தலையில் உள்ள திருகுதான் அதற்கு. உள்ளே கம்பளி வளையமும் உலோக வளையமும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். பெட்டியில் 8 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். நரம்பின் நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தேன். திருகை எவ்வளவு இறுக்கினாலும் நாலு கிலோவுக்கு முன்னாலேயே வழுக்குகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 0.30 மில்லிமீட்டர் நரம்புக்கு ஒன்றரை, இரண்டு கிலோவில் வழுக்கினாலே போதும். நரம்பு தாங்குகிற எடையில் மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு என்று டிராக் வைப்பதுதான் வழக்கம். நான் பார்த்தது, வழுக்கும்போது ஒரே சீராக வழுக்குகிறதா, விட்டு விட்டு வெட்டுகிறதா என்பது. புதிதில் வெட்டியது. கம்பளி வளையத்தில் ஒரு துளி எண்ணெய் ஊறியதும் தராசு முள் அசையாமல் ஒரே எடையில் நின்றது. இங்கேதான் இந்த ரீலின் மீது எனக்கு மரியாதை வந்தது.

இனி நரம்பு. கூட வருகிற தங்கூசி நரம்பை அப்படியே தூக்கிப் போடுங்கள். கம்பி போல விறைப்பு. ஸ்பூலிலிருந்து அவிழ்த்தால் சுருளாகவே நிற்கிறது. போதாததற்கு ஸ்பூலின் விளிம்பு வரை வழிய வழியச் சுற்றி அனுப்புகிறார்கள். வீசினால் பத்துச் சுற்று ஒன்றாகக் கழன்று குருவிக்கூடு ஆகும். கடையில் 0.30 நரம்பு 100 மீட்டர் வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். விரலால் ஈரத்துணி வைத்து அழுத்தம் கொடுத்துச் சுற்ற வேண்டும். மோட்டார் காயில் சுற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தளர்வாகச் சுற்றிய அடுக்குக்குள் மேலடுக்குப் போய்ப் புதைந்துகொள்ளும். புது நரம்பு உருண்டையைத் தரையில் படுக்க வைத்து, அது கழலும் திசையும் ரீல் சுற்றும் திசையும் ஒத்துப்போகிறதா என்று பத்துச் சுற்றுக்குப் பிறகு தளர்த்திப் பாருங்கள். முறுக்கு விழுந்தால் உருண்டையைப் புரட்டிப் போடுங்கள், சரியாகிவிடும்.

வீசியதும் ஸ்பூலுக்கு மேல் மடங்குகிற வளையக் கம்பியைக் கையால் மூட வேண்டும். கைப்பிடியைச் சுற்றி அதுவாக மூட விட்டால் நரம்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முறுக்கேறும், தவிரவும் இந்த ரீலில் அந்தக் கம்பியின் ஸ்பிரிங் ரொம்ப நாள் தாங்கும் என்று தோன்றவில்லை.

ராட்டைப் பற்றி. "ஹை கார்பன்" என்று அடிப்பகுதியில் வெள்ளி எழுத்து. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. அடி மூடியைக் கழற்றி, குழாயின் வெட்டு முனையில் பெயின்ட்டைச் சுரண்டி, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்தேன். முள் அசையவில்லை. ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன், நுனியிலிருந்து அடி வரை ஒன்றிலும் இல்லை. முழுக்கக் கண்ணாடி இழை. கண்ணாடி இழை கெட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கனம் கூட, வளைவு கூட, ஆனால் சுலபத்தில் உடையாது. பைக்கில் இடுக்கி, கல்லில் போட்டு, பையன் கையில் கொடுத்து எல்லாம் ஆன பிறகும் இது உடையவில்லை. கார்பன் என்று பொய் சொல்லி விற்பதுதான் பிடிக்கவில்லை. மீட்டர் கையில் இல்லாதவர் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நிஜமான கார்பன் ராட் வைத்திருப்பவர்களுக்கு, சம்பந்தம் இருப்பதால் ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் வாய்க்கால் மேட்டிலும் குளக்கரையிலும் பம்ப்செட்டுக்குப் போகிற மின்கம்பி தாழ்வாகத்தான் தொங்கும். ராட்டை விரிக்கும் முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். கண்ணாடி இழையாக இருந்தாலும் ஈரமாக இருந்தால் அதே ஆபத்துதான்.

மடக்கு ராட்டின் பெரிய வசதி, மடக்கினால் இரண்டு அடிக்குள் அடங்கிவிடும். பெரிய தொந்தரவு மணல். கரையில் வைத்துவிட்டு எடுத்தால் கணுவுக்குள் மணல் போய் மாட்டிக்கொண்டு விரியவும் விரியாது, மடங்கவும் மடங்காது. திருகி இழுத்தால் குழாய் கீறிவிடும். வீட்டுக்கு வந்ததும் அடி மூடியைத் திறந்து எல்லாக் கணுவையும் கீழ்ப்பக்கமாக உருவி, தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துக் கோர்க்கிறேன். நரம்பு ஓடும் வளையங்களில் உள்ளே பீங்கான் வளையம் வைத்திருக்கிறார்கள். அதில் பஞ்சை நுழைத்து இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் விரிசல் என்று அர்த்தம். எனக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது, நுனி வளையம் மட்டும் சீக்கிரமே பசை விட்டுக் கழன்றது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு பதில், அடுத்த வாரம் "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று இன்னொரு பதில். இடையில் யாரும் பேசவில்லை. இரண்டு பசையைக் கலந்து ஒட்டுவோமே, அதைக் கலந்து நானே ஒட்டினேன். நன்றாகவே நிற்கிறது. ஆக சர்வீஸ் என்று ஒன்று இல்லை என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

முள் டப்பா. முள்ளை நகத்தில் வைத்து லேசாக இழுத்தால் கூரானது நகத்தில் கடித்து நிற்கும், மழுங்கல் வழுக்கிப் போகும். இதில் உள்ளவை எல்லாம் வழுக்கின. அளவும் பெரிது. எங்கள் குளங்களில் அதிகம் அகப்படுவது ஜிலேபி, அதற்கு வாய் சின்னது. எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் முள்தான் வேண்டும் (நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும்). செட்டில் வந்தது கடலோரம் பாறையில் நின்று போடுகிறவர்களுக்கு ஆகுமோ என்னவோ. ரப்பர் மீன்களும் அப்படித்தான். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் இன்னொரு மீனைத் துரத்திப் பிடித்துத் தின்கிற ஜாதி இல்லை. விராலோ வாளையோ இருக்கும் தண்ணீரில்தான் ரப்பர் மீனுக்கு வேலை. என் பையன் இப்போது அவற்றை பக்கெட்டில் விட்டு விளையாடுகிறான்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்தி அணையிலிருந்து தளி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வாங்கும் குளங்களை ஏழுகுளம் என்போம். பெரியகுளம், செங்குளம், ஒட்டுக்குளம் என்று வரிசையாக இருக்கும். மீன் பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஒவ்வொரு குளத்துக்கும் ஏலம் எடுத்தவர்கள் இருப்பார்கள், குஞ்சு வாங்கி விட்டிருப்பார்கள், அவர்கள் காசு அது. அவர்களைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் "கரையோரம் ஜிலேபி பிடிச்சுக்குங்க, கட்லா மாட்டுனா விட்டுருங்க" என்பார்கள். நியாயமான பேச்சு.

ஜிலேபி நம்மூர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டையையும் பொரித்த குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். வருஷத்துக்குப் பல தடவை குஞ்சு பொரிக்கும். அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்? பெருகப் பெருக இரை போதாமல் உருவம் சிறுத்துப்போகும். ஏழுகுளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இந்த உள்ளங்கை ஜிலேபிக்கு ரீல் செட் தேவையே இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த செட்டை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கரையிலிருந்து பத்தடி தூரத்தில் நிற்கும் ஜிலேபிக்காகத்தான் வாங்குகிறார்கள். ஜிலேபி இரையை விழுங்காது, நுனியில் கொத்திக் கொத்திப் பார்க்கும். மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை தண்ணீருக்கு மேல் ஒரு அரிசி அளவு மட்டும் தெரிய நிற்கும். அது மூன்று தடவை துடிக்கும், பிறகு பக்கவாட்டில் அரை அடி நகரும். அந்த நகர்தலில் சுண்ட வேண்டும். முங்கட்டும் என்று காத்திருந்தால் புழு மட்டும் போயிருக்கும். அந்த நொடியில் கை அசைந்ததும் முள் அசைய வேண்டும். மூங்கில் குச்சியில் நரம்பு நேராகத் தொங்குவதால் அசையும். இந்த ராட்டிலோ நுனி வளைந்து, நரம்பு தளர்ந்து, அதற்குள் ஜிலேபி துப்பிவிட்டுப் போய்விடும். ஒட்டுக்குளத்தில் என் பக்கத்தில் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, அந்த சைக்கிள் செயினு எதுக்குங்?" என்றார், ரீலைக் காட்டி.

"தூரமா வீசலாங்க பெரியவரே."

"மீனு இங்கயில்ல நிக்குது?"

அவர் பாத்திரத்தில் பாதிக்கு இருந்தது. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

விராலுக்கும் இந்த ராட் ஆகாது, காரணம் வேறு. விரால் பாசிக்கும் சம்புக்கும் நடுவில் நிற்கும். மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போகும்போது வட்டம் விழும், அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தவளையைத் தட்டித் தட்டி இழுத்தால் அடிக்கும். அடிக்கிற அடி கரையில் நிற்பவருக்குக் கேட்கும். ஆனால் அதன் வாய் எலும்பு. முள் ஏற வேண்டுமென்றால் விறைப்பான ராட்டும் இழுபடாத பின்னல் நரம்பும் வேண்டும். இந்த ராட் நுனியிலிருந்து நடு வரை வளைந்து கொடுக்கிறது, தங்கூசி நரம்பு வேறு ரப்பர் போல இழுபடும், இரண்டும் சேர்ந்து அடியின் பலத்தைத் தின்றுவிடுகின்றன. முள் ஏறினாலும் விரால் பாசிக்குள் தலையை நுழைத்ததும் வெளியே கொண்டுவர இதற்குத் தெம்பு கிடையாது. விரால்தான் உங்கள் ஆசை என்றால் இந்தக் காசோடு இன்னும் ஆயிரம் சேர்த்து அதற்கென்று உள்ள ஒற்றைக் கணு, இரட்டைக் கணு ராட் வாங்குங்கள். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேலே கொதிப்பது போலத் தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எதையும் போடாமல் நகர்ந்துவிடுங்கள். அந்த விராலைத் தூக்கினால் குஞ்சு முழுவதும் ஜிலேபிக்கு இரை.

அப்படியானால் இந்த செட் எதற்குத்தான்? அணைக்கு.

திருமூர்த்தி அணை பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் ஒரு தொட்டி மாதிரி. பரம்பிக்குளம் பக்கத்துத் தண்ணீர் சர்க்கார்பதி மின்நிலையத்தைத் தாண்டி காண்டூர் கால்வாயில் மலையைச் சுற்றி வந்து இதில் விழுகிறது, இங்கிருந்து மண்டலம் மண்டலமாகப் பாசனத்துக்குப் போகிறது. முழு உயரம் 60 அடி. மண்டலப் பாசனம் திறந்திருக்கும்போது வரத்தும் போக்குமாக நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மட்டம் இறங்கினால் கரை சரிவாகப் பின்வாங்கும், தண்ணீர் விளிம்பில் முழங்கால் ஆழம்தான் இருக்கும், வெயில் ஏறியதும் கெண்டை ஜாதியெல்லாம் உள்ளே பழைய வாய்க்கால் பள்ளத்துக்குப் போய்விடும். மூங்கில் குச்சி எட்டாது. முப்பது, நாற்பது மீட்டர் வீசினால்தான் மீன் இருக்கிற இடத்தில் இரை விழும். இந்த செட் அதைச் செய்கிறது. இருபது கிராம் ஈயத்தோடு நாற்பது மீட்டர் வருகிறது, காற்று முதுகில் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

அணையில் மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, எந்தக் கரையில் நிற்கலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுத்தான் போட்டேன். மதகுப் பக்கமும் பரிசல்காரர்கள் வலை கட்டியிருக்கும் பக்கமும் கண்டிப்பாகக் கூடாது. வலை மேல் முள் மாட்டினால் அறுபடுவது அவர்கள் பிழைப்பு.

இரைக்குக் கடலைப் புண்ணாக்கை வறுத்துப் பொடித்து, மைதாவும் கொஞ்சம் பச்சரிசி மாவும் சேர்த்து, சப்பாத்தி மாவுக்கும் கெட்டியாகப் பிசைந்து வைத்துக்கொள்வேன். தளர்ந்த மாவு வீசும்போதே கழன்று தனியாகப் பறக்கும். ஈயம் அடியில் போய் உட்கார்ந்ததும் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, ராட்டைக் கவட்டைக் குச்சியில் சாய்த்து, டிராக் திருகைக் கை இழுத்தால் வருகிற அளவுக்குத் தளர்த்தி வைத்துவிட வேண்டும். தளர்த்தாமல் டீ குடிக்கப் போனவர் ஒருவரின் ராட் தண்ணீருக்குள் போனதை நான் கண்ணால் பார்த்தேன். கவட்டையோடு போனது.

ஒரு காலையில் ரோகு ஒன்று எடுத்தது. நுனி இரண்டு தடவை தலையாட்டியது, பிறகு நிறுத்தாமல் வளைந்தது. டிராக் "கிர்ர்" என்று பாட ஆரம்பித்தது. ராட்டைத் தூக்கி, ஸ்பூலின் விளிம்பில் சுட்டுவிரலை வைத்தேன், உலோகத்துக்குள் ஓடுகிற அதிர்வு விரலில் தெரிந்தது. வெட்டு இல்லை, தயக்கம் இல்லை. மேஜையில் தராசு காட்டிய அதே சீர். மீன் ஓடினால் விட்டேன், நின்றால் ராட்டைத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றினேன். மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது, நரம்பு வராது, முறுக்குத்தான் ஏறும். இந்தக் கண்ணாடி இழை ராட்டின் வளைவு விராலுக்குக் குறை என்று சொன்னேன் அல்லவா, ரோகுவுக்கு அதுதான் பலம். உதடு மெத்தென்ற மீன், விறைப்பான ராட்டாக இருந்தால் கிழிந்து போயிருக்கும். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒருமுறை பக்கவாட்டில் திரும்பியது, செதில்களில் செப்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது, திரும்பப் பத்து மீட்டர் ஓடியது. கடைசியில் செவுளுக்குள் விரல் கொடுத்துத் தூக்கினேன். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பேசிக்கொண்டபடி மீனுக்கு விலை கொடுத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். முள் உதட்டு ஓரத்தில்தான் ஏறியிருந்தது, அதுவும் கடையில் தனியாக வாங்கிய முள்.

ஆழியாறு பக்கமும் இதே கதைதான், தூரம் வீச வேண்டிய தண்ணீர். அதனால் தனியாக எழுதவில்லை. அமராவதி அணைக்கு மட்டும் இதை எடுத்துக்கொண்டு போகவே இல்லை, நீங்களும் போக வேண்டாம். அங்கே சதுப்புநில முதலைகள் அணைக்குள்ளேயே இயற்கையாக வாழ்ந்து குஞ்சு பொரிக்கின்றன. முதலைப் பண்ணையே பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து மாவு பிசைகிற இடம் அது இல்லை. அமராவதி ஜிலேபி சாப்பிட ஆசை என்றால் பரிசலில் வந்ததை விலை கொடுத்து வாங்கி, அங்கேயே கல்லில் பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வரலாம். தூண்டிலில் அரை நாள் காய்வதைவிட அது லாபம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செட் 1,400. புது நரம்பு, எட்டாம் நம்பர் முள், ஈயம், இரண்டு தக்கை, சுழல் வளையம் எல்லாம் சேர்த்து மேலும் 350. கிரீஸும் பசையும் கடையில் இருந்தது. ஆக 1,750. இதே பணத்துக்கு ரீலை மட்டும் தனியாக, பெயர் உள்ள கம்பெனியில் எடுத்துவிட்டு, ராட்டைத் தூண்டில் சாமான் கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாமே என்று கேட்டால், கோயம்புத்தூர் போய்வர முடிகிறவர்களுக்கு அதுதான் நல்ல வழி. கடையில் ராட்டை விரித்து நுனியைக் கூரையில் ஊன்றி வளைத்துப் பார்க்க விடுவார்கள், ஆன்லைனில் அது நடக்காது. எனக்குக் கடையை மூடிவிட்டுப் போக நேரமில்லை, அதோடு பிரித்துப் பார்க்க ஒரு ரீல் வேண்டியிருந்தது.

அணைக்கரையில் நின்று கெண்டை ஜாதிக்குப் போடுகிற புதியவர் என்றால் வாங்குங்கள். குளத்து ஜிலேபிக்கு என்றால் நூறு ரூபாய் மூங்கில் குச்சி போதும். விராலுக்கு என்றால் வேண்டாம். நட்சத்திரம் கேட்டால் ரீலுக்கு ஐந்தில் நாலு, ராட்டுக்கு மூன்று, பொய் எழுதிய பெட்டிக்கு ஒன்று, சர்வீஸுக்குப் போட ஒன்றுமில்லை.

கூட வந்த பழைய நரம்பைத் தூக்கிப் போடச் சொன்னேன், குளக்கரையில் போட்டுவிடாதீர்கள். நீர்க்காகம் காலில் சுற்றிக்கொண்டு கருவேல முள்ளில் தொங்கும். அரை அடி அரை அடியாகக் கத்தரித்து வீட்டுக் குப்பையில் போடுங்கள். நான் மட்டும் வீணாக்கவில்லை, அந்த விறைப்பு நரம்பு கடையில் காயில் கட்டுவதற்கு உதவுமா என்று பார்த்தேன். சூட்டில் உருகிவிடுகிறது, அதற்கும் ஆகாது.